ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்: மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கொடுக்கல் கணக்கு

மும்பைக்கு வேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் மராத்தியில் முதலில் கற்றுக்கொள்வது 'துஜா து, மாஜா மீ' என்பதைத்தான் என்று நினைக்கிறேன். உன்னுடையதை நீ கொடு, என்னுடையதை நான் கொடுக்கிறேன். சுருக்கமாக டிடிஎம்எம். ஆபீஸுக்குக் கீழே இரண்டு கட்டிங் சாயா குடித்தால்கூட ஆளாளுக்குப் போனை எடுத்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள். தப்பில்லை. வாடகை தின்றது போக மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிற ஊரில் வேறு எப்படி இருப்பது?

ஆனால் 1998-இல் தாதரில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கி, அன்றிலிருந்து இன்றுவரை கணக்கு எழுதியே பிழைக்கிறவன் நான். எத்தனையோ பேருடைய வரவு செலவைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கையை இறுக்கி வைத்திருந்ததாலேயே மேலே வந்த ஆளை அதில் பார்த்ததில்லை. வாரி இறைத்து மேலே வந்த ஆளையும் பார்த்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. கொடுப்பார்கள், எவ்வளவு கொடுத்தோம் என்பது அவர்களுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அந்த வகை ஆட்கள்தான் நிலைத்து நின்றார்கள்.

கொடுத்தால் எப்படிப் பெருகும்? மந்திரம் ஒன்றும் கிடையாது. மாதம் இவ்வளவு கொடுப்பது என்று ஒதுக்க ஆரம்பித்த ஆள், ஒதுக்காத பணம் எங்கே போகிறது என்றும் பார்க்கத் தொடங்கிவிடுவான். இது முதல் லாபம். அடுத்தது, சொந்தபந்தம் இல்லாத ஊரில் ஒருவனுடைய பெயர் அவன் பணத்தை எப்படிக் கையாள்கிறான் என்பதை வைத்துத்தான் பரவும். வேலை, வாடகைக்கு ரூம், அவசரத்துக்குக் கடன் எல்லாம் அந்தப் பெயர் வழியாகத்தான் வரும். அதுவும் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவது குறைவு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்க்கிற ஆள் மூலமாகவே வேலை வந்திருந்தது. மும்பையில் அந்த 'எப்போதாவது பார்க்கிற ஆள்' யார் என்றால் மெஸ் அண்ணாச்சி, பழைய ரூம்மேட், பில்டிங் வாட்ச்மேன், லோக்கலில் அதே 8.12-இல் நம்மோடு தொங்கிக்கொண்டு வருகிறவர்.

சரி, வழிக்கு வருவோம்.

முதல் மூன்று சம்பளம்: கையை மூடி வையுங்கள்

கொடுப்பதைப் பற்றிச் சொல்ல வந்தவன் இப்படி ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்பதைக் கஞ்சர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டதால் அதன் மதிப்பே போய்விட்டது. உண்மையில் அது வரிசையைச் சொல்கிற வாக்கியம். முதலில் ரூமுக்கு டெபாசிட் கொடுக்க வாங்கிய கடனை அடையுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதில் பாக்கி சுழியமாகட்டும். ஒரு மாதச் செலவுக்கான பணம் தனியாக வங்கியில் உட்காரட்டும். இந்த மூன்றும் முடியும்வரை யாருக்கும் தாராளம் காட்டாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு அனுப்புவது கடமை, அதற்குத் தனி வரி. 'நான்தான் ஊருக்கு அனுப்புகிறேனே' என்று சொல்லிக்கொண்டு இங்கே வேலைக்கார அம்மாவிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். வந்த இரண்டாம் வருடம் சித்தி மகளுக்குக் கல்யாணம். பம்பாயில் வேலை பார்க்கிற அண்ணன் என்ற கெத்துக்காக ஐயாயிரம் மொய் எழுதினேன். கையில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு. மீதியை மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதத்துக்கு மூன்று என்று கேட்டால் சின்னதாகத்தான் இருக்கும், வருடத்துக்கு அது 36 சதவீதம். அசலையும் வட்டியையும் அடைத்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. இன்றைக்குக் கிரெடிட் கார்டில் பாக்கி வைத்துவிட்டுப் பிறருக்குப் பரிசு வாங்குகிறவர்களும் ஏறக்குறைய அதே வட்டியைத்தான் கட்டுகிறார்கள். பெயர்தான் இங்கிலீஷில் இருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு தனி டப்பா

நான்காவது சம்பளத்திலிருந்து ஆரம்பியுங்கள். எவ்வளவு? மதங்கள் இதற்கெல்லாம் எப்போதோ கணக்குப் போட்டுவிட்டன. சீக்கியர்களின் தஸ்வந்த் வருமானத்தில் பத்தில் ஒன்று. கிறிஸ்தவர்களின் தசமபாகமும் அதுவே. இஸ்லாத்தில் ஜகாத் வருமானத்தின் மேல் வருவதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தில் இரண்டரை சதவீதம். எனக்கு இந்த ஜகாத் கணக்கு ஒரு கணக்கன் என்ற முறையில் ரொம்பப் பிடிக்கும். உன்னிடம் மிஞ்சி நின்றது எவ்வளவு என்று முதலில் உட்கார்ந்து எண்ணச் சொல்கிறது.

புதிதாக வந்தவருக்கு நான் சொல்வது கைக்கு வருகிற சம்பளத்தில் இரண்டு சதவீதம். 28,000 வருகிறது என்றால் 560. ஐந்நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் விழுந்த அன்றே அதை வேறு ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அல்லது பழைய காலம் மாதிரி நோட்டாக எடுத்து டப்பாவில் போடுங்கள். இந்தப் பணம் இனி உங்களுடையது இல்லை என்று மனம் ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் யாராவது கை நீட்டும்போது 'கொடுப்பதா வேண்டாமா' என்று பர்ஸைப் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை. டப்பாவில் இருக்கிறதா, இருக்கிறது. இல்லையா, அடுத்த மாதம். செலவாகாத பணம் டப்பாவிலேயே சேர்ந்துகொண்டு போகட்டும். சம்பளம் கூடுகிற வருடம் சதவீதத்தையும் ஒரு படி ஏற்றலாம்.

ஐந்நூறு ரூபாய் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று கூச்சப்பட வேண்டாம். 2008-இல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் என்ற மூவர் கனடாவின் வான்கூவரில் ஒரு சோதனை செய்தார்கள். காலையில் சிலரிடம் ஒரு கவரைக் கொடுத்தார்கள்; உள்ளே ஐந்து டாலர் அல்லது இருபது டாலர். சாயங்காலம் ஐந்து மணிக்குள் செலவழிக்க வேண்டும். பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். ஐந்து டாலரா இருபதா என்பது அதில் ஒரு வித்தியாசமும் ஏற்படுத்தவில்லை. மன நிறைவோடு இருக்கிறவன் வேலையைத் தினமும் ஒழுங்காகப் பார்ப்பான், ஆத்திரத்தில் ஆன்லைனில் கண்டதையும் வாங்க மாட்டான். செல்வம் அந்த வழியாகவும் சேரும்.

பாக்கியைத் தீர்ப்பதுதான் முதல் தர்மம்

நமக்கு வேலை செய்கிறவர்களின் கூலியைத் தேதி தவறாமல் கொடுப்பதற்கு முன்னால் வேறு எந்தக் கொடையும் கொடையில்லை. பாத்திரம் தேய்க்க வருகிற பாயிக்கு, அதாவது வேலைக்கார அம்மாவுக்கு, ஒன்றாம் தேதி. மெஸ்ஸுக்கு ஐந்தாம் தேதிக்குள். இஸ்திரிக்காரருக்குத் துணியை வாங்கும்போதே. பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். நீங்கள் இல்லாத நாளிலும் அந்த அம்மாவுக்குப் பசிக்கும்.

அடுத்து தீபாவளி பக்ஷீஸ். வாட்ச்மேன், குப்பை எடுக்க வருகிறவர், பால் போடுகிறவர், லிஃப்ட்மேன் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இது பிச்சையில்லை, இந்த ஊரின் முறை. வீட்டு வேலைக்காரருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருந்தால் நால்வரும் பங்கு போட்டு ஒரே கவராகக் கொடுங்கள். தீபாவளிக்கு முன்னால் வருகிற தன்தேரஸுக்கு முன்பே கொடுங்கள். அவர்களும் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டும், தீபாவளி அன்று கையில் கொடுத்து என்ன பிரயோஜனம்? கவரில் 500 வைத்தால் அதோடு ஒரு ரூபாய் நாணயமும் வையுங்கள். நம் மொய்யில் 501 எழுதுவது போலத்தான், அவர்களும் அப்படித்தான்.

இதில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், 2005 ஜூலை 26-ஐச் சொல்வேன். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். நான் அப்போது குர்லாவில் ஒரு பில்டிங்கின் தரைத்தளத்தில் இருந்தேன். அன்று ரயில் நின்றுபோய் மஸ்ஜித் பந்தர் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் நடந்தும் ஏறியும் வீடு வந்து பார்த்தால் இடுப்பளவு தண்ணீர் நின்ற தடம் சுவரில் இருக்கிறது. பூட்டு உடைந்திருந்தது. வாட்ச்மேன் சாச்சா உடைத்து உள்ளே போய், என் சர்டிஃபிகேட் பெட்டி, கம்ப்யூட்டர், மனைவியின் தையல் மெஷின் மூன்றையும் மேலே மாளாவில், அதாவது பரணில், தூக்கி வைத்திருந்தார். அவருக்கு நான் தீபாவளிக்குத் தந்துகொண்டிருந்தது 101 ரூபாய். பக்கத்து வீட்டுப் பூட்டு அப்படியே இருந்தது. காசு கொடுத்தால் காப்பாற்றுவார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு இரண்டு பேருக்கும் பேச்சு இருந்தது, அந்தப் பேச்சு கவர் கொடுத்த அன்று ஆரம்பித்தது.

கைமாத்து

புதிதாக வந்தவர்கள் அதிகம் அடிபடுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த மூன்றாவது மாதம் ஊர்க்காரர் ஒருவர் கேட்பார். 'தம்பி, ஒரு பத்தாயிரம் கைமாத்தா இருக்குமா, அடுத்த மாசம் தந்துடுறேன்.' அப்போது உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது திரும்பி வராமல் போனால் இவரோடு பழையபடி பேச முடியுமா? முடியும் என்கிற தொகை எதுவோ அதை மட்டும் கொடுங்கள். பத்தாயிரம் கேட்டவருக்கு உங்களால் இழக்க முடிந்தது இரண்டாயிரம் என்றால், 'அண்ணே, பத்து என்கிட்ட இல்ல. இந்த ரெண்டை வச்சுக்கோங்க, திருப்பித் தர வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். இரண்டாயிரத்தோடு முடிந்தது. பத்தாயிரத்தையும் கொடுத்துவிட்டு வருடம் முழுக்க அவர் போனை எடுக்கவில்லை என்று புலம்புவதைவிட இது மலிவு. அந்த ஆளும் உங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போக மாட்டார்.

1999-இல் சயான் கோலிவாடாவில் நாங்கள் ஆறு பேர் ஒரு ரூமில் இருந்தோம். கூட இருந்த பையன் ஒருவனுக்கு மெஸ்ஸில் இருந்த போனில்தான் தகவல் வந்தது. அப்பா தவறிவிட்டார். அவன் கையில் நாற்பது ரூபாய் இருந்தது. எனக்கு அன்று சம்பளம் வந்திருந்தது, 3,200. கல்லா முன்னால் நின்றபடியே 400 ரூபாய் எடுத்துக் கொடுத்து, போய் ரயிலேறு என்றேன். அவன் திரும்பி வரவே இல்லை, பணமும் வரவில்லை. அவனிடம் விலாசம் வாங்கி வைத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு! அந்த மாதக் கடைசியில் நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை.

பெரிய தொகை என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழ வழி உண்டு. சின்னத் தொகையையும் யுபிஐ மூலம் அனுப்பிவிட்டால் தேதியும் தொகையும் தானாகப் பதிந்துவிடும். குறிப்பில் 'கைமாத்து' என்று எழுதுங்கள். கோர்ட்டுக்குப் போவதற்காகச் சொல்லவில்லை. யாரும் போகப் போவதில்லை. போனாலும் பொதுவாக மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எழுத்தில் இருக்கும்போது இரண்டு பேருக்கும் நினைவு ஒன்றாக இருக்கும். 'ஏழுதான வாங்கினேன்', 'இல்ல எட்டு' என்கிற சண்டை வராது.

ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் காசு போகாததால் அது இலவச உதவி போலத் தெரியும். சட்டப்படி ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டவில்லை என்றால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். பணமாக ஐயாயிரம் இழப்பதற்குத் தயங்குகிற ஆள், நண்பனின் ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இல்லை என்று சொல்லவும் ஒரு முறை உண்டு. பொய்க் காரணம் வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள். 'இந்த மாசம் ஒதுக்கி வச்சது முடிஞ்சுபோச்சு அண்ணே' என்றால் போதும், டப்பா வைத்திருக்கிற ஆளுக்கு அது உண்மையும்கூட. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்லவே கூடாது. இந்த விஷயத்தில் நம் ஆட்கள் மோசம். கொடுத்த அன்று இரவே மெஸ்ஸில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

மொய்யும் பிஷியும்

கொடுத்தால் பெருகும் என்பதை ஒரு முழு ஊரே கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்க வேண்டுமா? ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது. விருந்தே விசேஷம். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். வந்த பணத்தில் ஒருவர் கடை வைப்பார், ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார். அடுத்தடுத்த வருடங்களில் தனக்குச் செய்தவர்களின் விருந்துக்குப் போய், வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். பத்திரம் இல்லாத வங்கி. செய்யாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பதுதான் அதன் உத்தரவாதம்.

மும்பையில் இதற்குப் பக்கத்தில் வருவது பிஷி. நம் ஊர் சீட்டுதான். பன்னிரண்டு பேர் மாதம் இரண்டாயிரம் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்கு 24,000 போகும். ஆபீஸில், பில்டிங்கில் ஏலம் இல்லாமல் குலுக்கல் முறையில் நடத்துவார்கள். இதில் தாராளம் எங்கே வருகிறது என்றால், உங்கள் பெயர் விழுந்த மாதம் இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்தால் அவருக்கு விட்டுக்கொடுப்பதில். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நம் பழைய சொல் 'ஒப்புரவு' இதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் முகம் தெரியாதவர்களோடு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்து பிஷி போடாதீர்கள். பன்னிரண்டு பேரின் வீடும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் தமிழர்கள் காலூன்றியதே பங்கு போட்டுத்தான். தாராவியின் படி மசூதி 1887-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் எழுப்பியது. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கியது. இன்று எஸ்ஐஇஎஸ் என்றால் தெரியாத மும்பைக்காரர் குறைவு. அதனால் சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கமோ, உங்கள் பேட்டையில் இருக்கிற சின்ன மன்றமோ, ஏதாவது ஒன்றில் சந்தா கட்டிச் சேருங்கள். சந்தாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாற்காலியும் தூக்கிப் போடுங்கள். பேர் தெரிவது அப்போதுதான்.

முகம் தெரியாதவர்களுக்கு

மாஹிமில் சில ஓட்டல்களின் வாசலில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். யாரும் கை நீட்ட மாட்டார்கள். நீங்கள் கல்லாவில் போய் ஐந்து பேருக்கு என்று பணம் கட்டினால், ஓட்டல்காரர் வரிசையில் முதல் ஐந்து பேரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். எவ்வளவு அழகான ஏற்பாடு! யார் கட்டினார்கள் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. டப்பாப் பணத்தை முதன்முதலாகச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தால், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, தங்க இடமில்லாமல் பிளாட்பாரத்தில் இருக்கிற குடும்பங்களைப் பார்ப்பீர்கள். கையில் காசைத் திணித்துவிட்டு வருவதைவிட, ஆஸ்பத்திரியின் சமூகப் பணிப் பிரிவில் கேட்டுக் கட்டுவது நல்லது. யாருக்கு எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும். தாதரில் காட்கே மகராஜ் பெயரில் உள்ள தர்மசாலையில் இப்படி வந்த நோயாளிகள் பலர் தங்குகிறார்கள்.

இன்னொன்று படிப்பு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. தாராவியில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் அங்கே முடித்து வேறு பள்ளிக்கு மாறுகிற கட்டத்தில்தான் என்பது நான் பார்த்தது. அப்போது தேவைப்படுவது பெரிய தொகை இல்லை. ரயில் பாஸ், ட்யூஷன், ஒரு ஜோடி ஷூ. ஒரே பிள்ளைக்குத் தொடர்ந்து இரண்டு வருடம் செய்யுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுப்பது எனக்கு ஒத்துவராத பழக்கம்.

ரசீது

அறக்கட்டளைக்குக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் உண்டு. புது வரி முறையில் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் இருப்பீர்கள். பழைய முறை என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது, அரிசி பருப்பாகக் கொடுத்ததும் வராது. பான் எண்ணைக் கொடுத்து, அவர்களிடமிருந்து நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வரிச் சலுகை இல்லாவிட்டாலும் ரசீது வாங்குங்கள். ரசீது கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

யாரிடம் ஏமாறக் கூடாது

குழந்தையோடு ஒரு பெண் வந்து, 'காசு வேண்டாம் பையா, பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள்' என்பார். வாங்கிக் கொடுப்பீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் டின் கடைக்கே திரும்பிப் போய்விடும். கொலாபா பக்கம் இது பழைய வித்தை. 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்' என்றால் அது அனுப்புவதில்லை, எடுப்பது. பணம் வாங்க யுபிஐ-யில் பின் தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சிகிச்சை வேண்டுகோள்களில் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, 'விதைத்தால் பத்து மடங்காக அறுக்கலாம்' என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள். காவி, வெள்ளை, கோட் சூட் எல்லா உடையிலும் வருவார்கள். அங்கே பெருகுகிற ஒரே பை அவர்களுடையது.

வாங்கவும் பழக வேண்டும்

வேலை போனால் அந்த மாதமே டப்பாவை நிறுத்திவிடுங்கள். கௌரவத்துக்காகத் தொடராதீர்கள். கொடுத்துப் பழகியவர்களுக்கு அப்போது ஒரு கஷ்டம் வரும். பிறர் கொடுப்பதை வாங்கக் கை வராது. வாங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பதும் ஒரு கஞ்சத்தனம்தான் என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

2000-ஆம் வருடம் மழைக்காலத்தில், நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. ரூம் வாடகையைக் கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மெஸ்ஸில் ஏற்கெனவே பாக்கி. அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு வடாபாவ், தண்ணீர், படுக்கை. நான்காம் நாள் அண்ணாச்சி கடைப் பையனை அனுப்பிக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ராத்திரி ஆளையே காணோம்?"

"பசி இல்ல அண்ணாச்சி."

"மூணு நாளாவா?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் நோட்டை எடுத்து என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

"அந்தப் பையனோட அப்பா செத்தன்னைக்கு நீங்க நானூறு ரூவா எடுத்துக் குடுத்தீங்களா, நான் கல்லாலதான் உக்காந்திருந்தேன். போயி உக்காருங்க, ரசம் ஆறுது."

மூன்று மாதத்தில் என் பக்கத்தில் 2,150 ரூபாய் ஏறியது. அந்த மெஸ்ஸில் சாப்பிட வந்த மஸ்ஜித் பந்தர் வியாபாரி ஒருவரிடம் 'கணக்கு நல்லா எழுதுவாப்ல, கை சுத்தம்' என்று அண்ணாச்சியே சொல்லி வைத்திருக்கிறார். அக்டோபரில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு தவணையில் மெஸ் பாக்கியை அடைத்தேன். கடைசித் தவணை கொடுத்த இரவு அவர் என் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு நோட்டை மூடினார். அன்று என் தட்டில் இரண்டு அப்பளம் இருந்தது.